ரொட்டிக்கார நஸ்ரி சொன்ன காரணங்கள்

பெய்ரூட்டுக்கு மேலே மலையில் இருக்கும் ஐன் தூத் ஊரில் ரொட்டி சுடும் நஸ்ரி, நெருப்புப் பட்ட எதையும் இனி வாயில் வைப்பதில்லை என்று சொன்னபோது ஊர் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தது. கடைசியில் கோபப்பட்டது. எங்கள் ஊருக்குக் கோபம் வர பெரிதாகக் காரணம் தேவையில்லை என்றாலும், இந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது.

முப்பத்தைந்து வருடமாக அடுப்பு வாயில் நின்றவர் அவர். புருவத்தில் பாதி எப்போதும் கருகியே இருக்கும். விடிந்ததும் அடுப்பிலிருந்து வரும் முதல் ரொட்டியைப் பிய்த்து, ஆலிவ் எண்ணெயில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டுத்தான் கடைக் கதவைத் திறப்பார். அவர் எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்தார் என்பதை வைத்தே அன்றைய ரொட்டி எப்படி என்று வரிசையில் நிற்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை முதல் ரொட்டியைத் தொடவில்லை. இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. வெள்ளரிக்காய், தக்காளி, கீரை, ஊற வைத்த பாதாம், ஆலிவ், அத்திப்பழம், இவ்வளவுதான். காபிகூடக் கிடையாது. காபியையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும்தான் பலருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

எங்கள் சபையில் தவக்காலம் திங்கட்கிழமைதான் தொடங்கும், அந்தத் திங்கள்தான் அது. ஆகவே விரதம் என்று முதலில் நினைத்துக்கொண்டார்கள். ஈஸ்டர் வந்தது, ஊரெல்லாம் ஆட்டுக்கறி மணத்தது, நஸ்ரி முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஆரம்பித்தன கேள்விகள்.

பங்குச்சாமியார் பூலுஸ் கேட்டபோது, "கதீஷா பள்ளத்தாக்குக் குகையில இருந்த துறவிங்க எல்லாம் அடுப்பு மூட்டுனாங்களா சாமி? பச்சைக் கீரையத்தான தின்னாங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் இல்லாமல் சாப்பிட உட்காராத சாமி பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார். பள்ளிக்கூட ஆசிரியை இல்ஹாம் கேட்டபோது, "டீச்சர், சர்க்கரை ஏறிப்போச்சு" என்றார். ரொட்டி வாங்க வந்த யாரோ ஒருவர் விடாமல் தொணதொணத்தபோது, "தன்னூஸ் கொல்லையில ஒரு கன்னுக்குட்டி என்னையப் பாத்துக் கண்ணீர் விட்டுச்சு. அதுலேர்ந்து மனசு கேக்கல" என்று சொல்லிவைத்தார். மூன்றில் இதுதான் தப்பான கதை. ஏனென்றால் தன்னூஸ் ஊருக்கே கசாப்புக்காரர், நஸ்ரியின் மனைவி வதாத்துக்கு உடன்பிறந்த அண்ணன். கதை மதியத்துக்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

"மாப்ள, என் கடை முன்னாடி வரும்போது கண்ணைக் கட்டிக்கிட்டு வா" என்று தன்னூஸ் வாசலில் நின்று கத்தினார். "ஏதாவது கோழி அழுதுடப் போவுது."

நஸ்ரி மாவு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். தன் ரொட்டியைத் தானே தின்னாதவன் ரொட்டியை நாம் ஏன் வாங்க வேண்டும் என்று சிலர் அடுத்த ஊர்க் கடைக்குப் போக ஆரம்பித்ததும் அவருக்குத் தெரியும்.

உண்மையான காரணம் அவர் வீட்டில், வடக்கு பார்த்த அறையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது.

வதாத்துக்கு ஜனவரியில் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுத்து எடுத்தார்கள். அதற்குப்பின் மாதத்துக்கு ஒருமுறை பெய்ரூட் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும், மொத்தம் எட்டு ஊசி. முடி கொட்டியதை அவள் பெரிதுபடுத்தவில்லை. நீலத் துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, "சீப்பு செலவு மிச்சம்" என்றாள். மூக்கு கெட்டுப்போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எண்ணெய் காய்ந்தால் போதும், வெங்காயம் சிவந்தால் போதும், காபி பொங்கினால் போதும், குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஊரில் அவளைப்போல் சமைக்க ஆள் இல்லை என்று பெயர் வாங்கியவள். கட்டி ஊருக்குத் தெரியும், மூக்கு இப்படி ஆனதை மட்டும் அண்ணனுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று நஸ்ரியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சமைக்காமல் இருந்தால்தான் பரவாயில்லையே. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பானையை ஏற்றுவாள், ஓடிப்போய் வாந்தி எடுப்பாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கிளறுவாள். வேண்டாம் என்று சொன்னால், "அடுப்பு முன்னாடி வெந்துட்டு வர்ற மனுசன் பசியோட உக்காரணுமா?" என்பாள். நஸ்ரி ஒருநாள் தன்னூஸ் வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். துணி போட்டு மூடிய தாம்பாளம் உள்ளே வந்ததும் வதாத் எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரு செத்தது?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் தாம்பாளத்தை மூடிக்கொண்டு வருவார்கள். இது நஸ்ரிக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. "நான் இருக்கும்போதே என் அடுப்பை அணைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அடுப்பு எரியவும் கூடாது, அடுப்பைத் தன்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றவும் கூடாது. மாவு பிசையும்போதெல்லாம் இதே யோசனை. கடையிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அப்படியும் அவர் உள்ளே நுழைந்தால் அவள் மூச்சை அடக்குவது தெரியும். அந்த வலி அவருக்குத்தான் தெரியும்.

வழி காட்டியது கனடாவிலிருந்து கோடைக்கு முன்பே வந்து இறங்கியிருந்த ஒரு பெண். கடைக்கு வந்து, "அண்ணே, ரொட்டி வேணாம். அதுமேல தூவுற தைம் இலை இருக்குல்ல, அதை மட்டும் பச்சையா குடுங்க" என்றாள்.

"ரொட்டிக் கடைக்கு வந்து ரொட்டி வேணாம்ங்கிற. கோயிலுக்குப் போயி மாதா வேணாம்பியா?"

"நெருப்புப் பட்டது எதையும் நான் சாப்பிடுறதில்ல அண்ணே."

"யாரு விட்ட சாபம்?"

"சாபமெல்லாம் இல்ல. எனக்கு இதுதான் ஒத்துக்குது. வீட்டுல அடுப்பே கிடையாது."

நஸ்ரி அவளுக்கு இலையை அள்ளிக் கொடுத்துவிட்டு, கடைசியில் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வதாத்தின் கட்டிலருகே நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவரைப்போல் சொன்னார். "நாளையிலேர்ந்து நான் பச்சையாத்தான் சாப்பிடப் போறேன். சமைச்சது எதுவும் வேணாம்."

"என்னது?"

"பச்சையா. காய், கீரை, பழம்."

"ஆடு மாதிரியா?"

"ஆடு மாதிரிதான்."

வதாத் எழுந்து உட்கார்ந்தாள். "முப்பத்தஞ்சு வருசமா என் கையால தின்ன வாய்க்கு இப்பப் புல்லு கேக்குதாக்கும்? யாரு சொல்லிக்குடுத்தா? உனக்கு மூளை கருகிப் போச்சா, அபூ ஜிர்ஜி?" கால் மணி நேரம் அவரைக் காய்ச்சி எடுத்தாள். அவர்கள் மகன் ஜிர்ஜி பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அபூ ஜிர்ஜி, ஜிர்ஜியின் அப்பா, என்றுதான் கூப்பிடுவாள். அறுவை முடிந்து வந்ததற்குப்பின் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து அவர் கேட்டதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்று அத்தனை திட்டையும் ஆசையாக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் புர்குல் என்ற கோதுமை நொய்யை ஊறப்போட்டார். கட்டுக் கட்டாகப் பார்ஸ்லிக் கீரை வாங்கிவந்து, டாக்டர் சொல்லியிருந்தபடி மூன்று தண்ணீரில் அலசி, உதறி, நறுக்க உட்கார்ந்தார். நாலு வெட்டு வெட்டியிருப்பார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கீரையை நறுக்குறியா, கொல பண்றியா? கொண்டா இங்க."

பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடியே அவள் நறுக்கினாள். கீரை கசங்காமல், தண்ணீர் விடாமல், முடியைவிட மெல்லிசாக. பார்ஸ்லி, புதினா, எலுமிச்சை, இந்த மூன்று மணத்தையும் அவள் மூக்கு ஏற்றுக்கொண்டது. அன்று அந்தக் கீரையும் புர்குலும் கலந்த தபூலெ. மறுநாள் தக்காளியையும் வெங்காயத்தையும் புர்குலோடு சேர்த்துப் பிசைந்து பச்சைக் கிப்பெ. உப்பு இத்தனை, புளிப்பு இத்தனை என்று கட்டிலிலிருந்தே உத்தரவு வரும். சில நாள் அவளும் இரண்டு வாய் தின்றாள். சமையலறை கட்டிலுக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நஸ்ரிக்குப் பசித்தது. முதல் மாதம் கொலைப் பசி. சுற்றிலும் நூறு ரொட்டி பொங்கி நிற்க, பைக்குள் இருக்கும் பாதாமை எண்ணிக்கொண்டு நின்றார். கடையில் ஒரு துண்டைத் தின்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஐன் தூத்தில் அவர் வாயைத் துடைப்பதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருக்கும். அது மட்டுமில்லை. படுத்திருப்பவளிடம் ஒரு பொய் போதும், அதற்குள் இன்னொரு பொய் வேண்டாம் என்று நினைத்தார்.

கோடை வந்தபோது இடுப்பு வாரில் இரண்டு புதிய ஓட்டை போடவேண்டியிருந்தது. முழங்கால் வலி எப்போது போனது என்று தெரியவில்லை. சர்க்கரை என்று டீச்சரிடம் விட்ட கதைக்காகவே ஒருநாள் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். முன்பு நிஜமாகவே ஏறியிருந்திருக்கிறது, இப்போது இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். விடியற்காலையில் குகைத் துறவிகளைப் பற்றி அவரே யோசிக்க ஆரம்பித்தார், இத்தனை கொஞ்சத்தில் ஒரு உடம்பு ஓடுகிறதே என்று. தன்னூஸ் கொல்லை வழியாகப் போகும்போது கன்றுக்குட்டியின் கண்ணைப் பார்க்காமல் போக முடியவில்லை. சொன்ன பொய்யெல்லாம் ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டு வருவது அவருக்கே கொஞ்சம் கலவரமாக இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். முந்தின சாயங்காலமே கோயில் முற்றத்தில் கொப்பரைகள் ஏறிவிடும். கோதுமையும் ஆட்டுக்கறியும் ஒன்றோடொன்று கரையும்வரை மரத்துடுப்பால் கிளறி ஹரீசா செய்வார்கள். தீ பார்ப்பது நஸ்ரி குடும்பத்து உரிமை, அவருடைய அப்பா காலத்திலிருந்து. காலையில் பூசை முடிந்ததும் தீ பார்த்தவர்தான் முதல் கிண்ணத்தை ருசிபார்த்து உப்பு சரி என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பரிமாறுவார்கள்.

ஆறாவது ஊசி முடிந்திருந்த வதாத், வந்தே தீருவேன் என்று வந்துவிட்டாள். புகை போகாத பக்கமாகக் கோயில் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பூலுஸ் சாமி கிண்ணத்தை நீட்டினார். "பிடி நஸ்ரி. ஜனம் காத்துக்கிட்டு இருக்கு."

"இந்த வருசம் தன்னூஸ் பாக்கட்டும் சாமி."

"நான் ஏன் பாக்கணும்?" என்றார் தன்னூஸ். ஈஸ்டரிலிருந்து சேர்ந்த ஆத்திரம் அது. "நான் பாவி, வெட்டிக் குடுக்குறவன். கன்னுக்குட்டி உன்னையப் பாத்துல்ல கண்ணீர் விட்டுது?"

"கன்னுக்குட்டியா?" என்றார் சாமி. "எங்கிட்ட குகைத் துறவிங்கன்னு சொன்னானே."

"எங்கிட்ட சர்க்கரைன்னு சொன்னாரு சாமி" என்றார் இல்ஹாம் டீச்சர்.

முற்றத்தில் சிரிப்புக் கிளம்பியது. தன்னூஸ் விடவில்லை. "மாப்ள, நெருப்புப் பட்டது எதையும் தொடமாட்ட, அதான?"

"ஆமா."

"நேத்து தபூலெ தின்னியா?"

"தின்னேன்."

"புர்குல் போட்டு?"

"புர்குல் இல்லாம தபூலெ உண்டா?"

"ஒவ்வொரு செப்டம்பரும் உன் மொட்டைமாடியில கொப்பரை வச்சுக் கோதுமையை அவிக்கிறது யாரு? துடுப்புப் போட்டுக் கிளறுறது யாரு? அவிச்சு, காய வச்சு, உடைச்சாத்தான மாப்ள அது புர்குல்?"

நஸ்ரி கொப்பரையில் சாத்தியிருந்த துடுப்பைப் பார்த்தார். முப்பத்தைந்து செப்டம்பர் கிளறியிருக்கிறார். ஆனால் சமையலறையில் புர்குல் தண்ணீரில்தானே ஊறுகிறது, யார் அதை அடுப்பில் வைக்கிறார்கள்? அது முன்பே வெந்தது என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆறு மாதமாக வெந்த கோதுமையைத் தின்ற பச்சைத் துறவி என்று யாரோ சொன்னார்கள்.

அவமானம் அவருக்குப் பெரிதில்லை. அடுத்த கேள்விதான் பயம். இத்தனையும் பொய்யென்றால் பிறகு எதற்காக இதெல்லாம் என்று யாராவது கேட்கப்போகிறார்கள். அதற்கான பதில் நீலத் துணி கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நேர்ச்சை என்னுது" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

வதாத் எழுந்து நின்றிருந்தாள். "எனக்குக் குணமாகுற வரைக்கும் என் வீட்டுல அடுப்பு மூட்டுறதில்லன்னு நான்தான் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். வெளியில சொல்லக்கூடாதுன்னேன். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசன், ஆளுக்கொரு கதை சொல்லிட்டுத் திரிஞ்சாரு."

யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். தன்னூஸ் மெதுவாக, "அப்ப புர்குலு, தங்கச்சி?" என்றார்.

"அதுக்கு மாதாகிட்ட தனியா கேட்டு வாங்கிக்கிட்டேன். நீ உன் கத்தியைப் பாரு அண்ணே."

சொல்லிவிட்டு அவள் கொப்பரையை நோக்கி நடந்தாள். நஸ்ரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆவி நேராக அவள் முகத்தில் அடித்தது. சாமி கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து விழுங்கினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்ததை நஸ்ரி மட்டும் பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கு. எல்லாருக்கும் குடுங்க" என்றாள். நிமிர்ந்த தலையோடு கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

நஸ்ரி பின்னாலேயே ஓடினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். முடிந்ததும் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"மொத நாளே. நீ புர்குலை ஊறப்போட்டியே, அப்பவே. நிசமாவே பச்சைன்னு கிளம்பினவன் புர்குலைத் தொடுவானா?"

"ஏன் சொல்லல?"

வதாத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "சொன்னா நிறுத்திருப்ப. நீ பொய் சொன்னது தெரிஞ்சுது அபூ ஜிர்ஜி. ஆனா அந்தப் பொய்யில எனக்குக் கீரை நறுக்குற வேலை இருந்துச்சு. அதை விட மனசில்ல."

நஸ்ரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, "மாதா வாசல்ல நின்னு பொய் நேர்ச்சை சொல்லிட்டியே" என்றார்.

"இங்க நின்னு சொன்னது பொய்யாகுமா? சொன்ன நிமிசத்துலேர்ந்து நிசம். எனக்குக் குணமாகுற வரைக்கும் அடுப்பு கிடையாது."

"சரி. புர்குலு?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நெருப்புப் பட்டது தொடமாட்டேன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? இனிமே புர்குலும் கிடையாது."

அன்று மதியம் வீட்டில் புர்குல் இல்லாத தபூலெ. அவர் மூன்று தண்ணீரில் கீரையை அலசிக் கொடுத்தார். அவள் நறுக்கினாள். புர்குலுக்குப் பதிலாக வால்நட் பருப்பைப் பொடித்துப் போட்டுப் பிசைந்தார். அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முதல் வாய் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

இந்த ஆறு மாதமும் அவள் இப்படிக் கேட்டபோதெல்லாம் பிரமாதம் என்றுதான் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மென்றார், மென்றார், விழுங்கினார்.

"மகா மட்டமா இருக்கு" என்றார்.

வதாத் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் ரெண்டு ஊசிதான்" என்றாள். "தின்னு."

அவர் தட்டை வழித்துத் தின்றார்.